தகட்டின் மறுபுறம்

கிரிம் சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரட்டி வெளியிட்ட ஜெர்மானியக் கதைகளுள் ஒன்றில், மாற்றாந்தாயின் பொறாமைக்கு அஞ்சிக் காட்டினூடே ஓடிவரும் சிறுமி ஒருத்தி, ஏழு குள்ளர்கள் வாழும் குடில் ஒன்றைக் கண்டு உள்ளே நுழைகிறாள். அந்தக் குடிலில் இருந்தவை எல்லாம் சிறியனவாயும், அழகுடையனவாயும், துப்புரவாயும் இருந்தன என்று கதை தெளிவாகவே சொல்லுகிறது. மேஜையின்மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. படுக்கைகளின்மீதும் வெண்மையான விரிப்புகள் இருந்தன. அதே கதையை வால்ட் டிஸ்னி சித்திரப் படமாக்கி, 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கார்தே சர்க்கிள் அரங்கில் முதன்முதலாகத் திரையிட்டபோது, அந்தக் குடில் அடியோடு மாறிப்போயிருந்தது. மூலைதோறும் ஒட்டடை, கழுவாத பாத்திரங்களின் குவியல், எங்கும் புழுதி. அங்கே வந்துசேர்ந்த ஸ்நோ ஒயிட், இது தாயற்ற குழந்தைகள் வாழும் வீடாகத்தான் இருக்கவேண்டும் என்று இரங்கி, வீட்டுக்கு உடையவர் யாரென்று அறியுமுன்னரே துடைப்பத்தைக் கையிலெடுத்துப் பாடிக்கொண்டே பெருக்கத் தொடங்குகிறாள். அணிலும் மானும் பறவையும் அவளுக்கு ஏவல் செய்கின்றன.

மூலக்கதையில் வீட்டுவேலையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் அவள் சமைக்கவும், படுக்கை விரிக்கவும், துணி வெளுக்கவும், தைக்கவும், பின்னவும் வேண்டியிருக்கிறது. ஆனால் அது குள்ளர்கள் வாய்திறந்து சொன்ன நிபந்தனை. இவ்வாறு செய்தால் இங்கே தங்கலாம் என்று அவர்கள் கேட்க, அவள் சம்மதித்துச் செய்துகொண்ட உடன்படிக்கை. திரைக்கு வந்தபோது அந்த உடன்படிக்கை பின்னுக்குப் போய், பெண்ணின் சுபாவம் என்ற ஒன்று முன்னுக்கு வந்துவிட்டது. அழுக்கைக் கண்டால் துடைப்பத்தைத் தேடுவது அவள் பிறவிக்குணம் என்று ஆகிவிட்டது. நாலு வயதுக் குழந்தைக்கு உடன்படிக்கை என்பது விளங்காது. சுபாவம் என்பது உடனே விளங்கிவிடும். கூடத்தில் குழந்தைகள் ஆடும் விளையாட்டைச் சற்றுப் பொறுமையோடு கவனித்தவர்கள் இதனை அறிவார்கள்: படத்தின் முடிவில் பெரியவர்கள் எடுத்துச் சொல்லும் நீதி அவர்கள் காதில் ஏறுவதில்லை, யார் நடந்தார், யார் படுத்துக் கிடந்தார், யார் பேசினார், யார் கேட்டுக்கொண்டு நின்றார் என்பதையே அவர்கள் அப்படியே எடுத்து ஆடுகிறார்கள்.

அந்தக் குடிலை அழுக்காக்கியவர் யார் என்ற கேள்வி என்னைப் பல நாள் தொடர்ந்து வந்தது. அதற்கு விடை தேடிப் போனவனுக்குத் திரையில் ஓடும் படத்தைவிட, அந்தப் படம் உருவான பட்டறையே அதிகம் சொல்லிற்று. குழந்தைகள் திரையிலிருந்து கற்றுக்கொண்ட பாடத்தின் வரைபடம், அந்தப் பட்டறையில் யாருக்கு எந்த மேஜை, யார் கையில் எந்தக் கருவி என்ற ஏற்பாட்டில் முன்னமே வரையப்பட்டிருந்தது என்பது என் அபிப்பிராயம். ஆகவே அந்தப் பட்டறைக்குள் சிறிது நேரம் நின்று பார்ப்போம்.

சித்திரப் படத் தொழிலின் உயிர்நாடி, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் ஒரு தகடு. 1914-ம் ஆண்டையொட்டி ஏர்ல் ஹர்டு என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த உத்தி அது. அதற்குமுன் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னணி உள்பட முழுச் சித்திரத்தையும் மீண்டும் மீண்டும் வரைய வேண்டியிருந்தது. ஹர்டின் உத்தி வந்தபின், அசையும் உருவத்தை மாத்திரம் செல்லுலாய்டுத் தகட்டில் எழுதி, அசையாத பின்னணியின்மேல் வைத்துப் படமெடுத்தால் போதும் என்றாயிற்று. இதனால் வேலையும் இரண்டாகப் பிளந்தது. பென்சிலால் காகிதத்தில் உருவங்களை எழுதி அவற்றுக்கு அசைவு கொடுப்பவர்கள் ஒரு சாரார், அவர்கள் அனிமேட்டர்கள். அந்தப் பென்சில் கோட்டைத் தகட்டின் முன்புறத்தில் மையால் பிரதி செய்து, தகட்டைத் திருப்பிப் பின்புறத்தில் வர்ணம் நிரப்புபவர்கள் மற்றொரு சாரார். இவர்கள் இருந்த பிரிவுக்கு 'இங்க் அண்ட் பெயிண்ட்' என்று பெயர். டிஸ்னி சகோதரர்கள் 1923-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டூடியோவைத் தொடங்கியபோதே இந்தப் பிரிவினை வந்துவிட்டது. 1924-ல் வாரம் 15 டாலர் சம்பளத்துக்கு இந்த வேலையில் அமர்ந்த லிலியன் பவுண்ட்ஸ் என்னும் பெண், மறு வருஷமே வால்ட் டிஸ்னிக்கு மனைவியானாள். அவளுடைய தமக்கை ஹேசல் சூவெல் பின்னாளில் அந்தப் பிரிவுக்கே தலைவியாகி, பல வருஷம் அதை நிர்வகித்தாள்.

வேலை எளிதன்று. செல்லுலாய்டில் விரல் பட்டால் ரேகை பதிந்துவிடும். ஆகையால் மெல்லிய வெள்ளைக் கையுறை அணிந்து, பேனாவைப் பிடிக்கும் விரல்களுக்கு மட்டும் உறையை வெட்டிவிட்டு உட்காருவார்கள். வழுக்கும் தகட்டின்மேல், கூரிய முனையுள்ள பேனாவினால், பென்சில் கோட்டின் பருமனும் மென்மையும் எங்கெங்கே எவ்வாறு மாறுகின்றனவோ அங்கங்கே அவ்வாறே மாற்றி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். மார்கழி விடியலில் வாசலில் குனிந்து, விரலிடுக்கிலிருந்து மாவை வழியவிட்டு, எடுத்த இடம் தெரியாமல் வளைவைக் கொண்டுபோய் மூட்டுகிற நம் வீட்டுப் பெண்களின் கோலத்தைப் பார்த்து வியந்தவர்களுக்கு, அந்த ஒரே இழுப்பின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. வர்ணம் இடுவதிலும் நுட்பம் உண்டு: தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படமெடுக்கையில் அடியிலுள்ள தகட்டின் நிறம் சற்று மங்கித் தெரியுமாதலால், ஒரே சட்டையின் ஒரே நீலத்தை அது எந்த அடுக்கில் வருகிறதோ அதற்கேற்ப வேறு வேறு கலவையில் தீட்ட வேண்டும். வினாடிக்கு 24 கட்டங்கள் ஓடும் திரையில், 83 நிமிஷப் படமான 'ஸ்நோ ஒயிட்'டுக்குச் சுமார் 1,20,000 கட்டங்கள் வேண்டியிருந்தன. ஒரு கட்டத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தகடுகளும் தேவைப்பட்டன. அத்தனை தகடுகளும் பெண்களின் கைகளில் இரண்டு முறை, முன்புறமாக ஒரு தடவையும் பின்புறமாக ஒரு தடவையும், புரண்டு வந்தன. ஸ்நோ ஒயிட்டின் கன்னத்தில் தோன்றும் அந்த மெல்லிய செம்மை, கோட்டுக்குள் அடைபட்ட வர்ணமாகத் திட்டாக நில்லாமல் தோலிலேயே ஊறியதுபோல் தோன்றுவதற்குக் காரணம், ஹெலன் ஆகர் முதலிய பெண்கள் தகட்டுக்குத் தகடு கைப்பக்குவத்தால் சாயத்தை ஒற்றி ஒற்றி வைத்ததுதான்.

இவ்வளவு தேர்ந்த கைகள், ஏன் பென்சிலைத் தொடவில்லை?

அதற்குக் காகிதத்தில் எழுதிய விடையே இருக்கிறது. 1938 ஜூன் 7-ந் தேதியிட்டு, ஸ்டூடியோவின் சித்திரப் பயிற்சியில் சேர விண்ணப்பித்த ஓர் இளம்பெண்ணுக்குப் போன கடிதம் இன்றும் பலர் பார்க்கக் கிடைக்கிறது. திரைக்கான சிருஷ்டி வேலை எதையும் பெண்கள் செய்வதில்லை என்றும், அது முழுவதும் இளைஞர்களாலேயே செய்யப்படுவதால் பயிற்சிப் பள்ளிக்குப் பெண்களைக் கருதுவதில்லை என்றும், தகட்டில் மையால் கோடிழுப்பதும் குறிப்பின்படி வர்ணம் நிரப்புவதுமே அவர்களுக்குத் திறந்திருக்கும் வேலை என்றும், அதற்கும் விண்ணப்பிப்பவர்கள் அநேகர் என்றும் அக்கடிதம் பண்போடும் தயக்கமின்றியும் தெரிவிக்கிறது. கடிதத்தில் கையொப்பமிட்டவரும் ஒரு பெண்ணே. 'ஸ்நோ ஒயிட்' வெளியாகி அப்பொழுது ஆறு மாதம்கூட ஆகவில்லை; வீட்டைப் பெருக்கிப் பாடுகிற அந்தப் பெண்ணை உலகமெல்லாம் குழந்தைகள் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் இக்கடிதம் தபாலில் போயிற்று. கடிதத்தை எழுதியவர்களிடம் துவேஷம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு அது ஸ்திரமான உலக நியதியாகத் தோன்றியிருக்கிறது. அதனாலேயே அது என் நெஞ்சை அதிகமாக உறுத்துகிறது.

அந்த இளைஞர்களுக்குச் சித்திரம் பயிற்றியது யார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் நெல்பர்ட் ஷூனார் என்னும் பெண்மணி 1921-ல் நிறுவிய கலைப் பள்ளிக்குத்தான் வால்ட் டிஸ்னி தம் ஓவியர்களை மாலை வகுப்புகளுக்கு அனுப்பினார். ஸ்டூடியோவுக்குப் பணமுடை மிகுந்த ஆரம்ப காலத்தில், கட்டணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மாள் இணங்கியதால்தான் அவர்களுக்கு அந்தப் பயிற்சி கிட்டியது. ஒரு பெண் கட்டிய பள்ளியில் கற்றுத் தேறிய கைகளுக்கே பென்சில் உரிமையாயிற்று; அதே பள்ளியில் கற்ற பெண்களுக்கு அது அபூர்வமாகவே கிடைத்தது.

ஸ்நோ ஒயிட் என்னும் அந்த உருவம் எவ்வாறு பிறந்தது என்பதை நினைத்துப் பார்க்கும்போது இந்த ஏற்பாடு இன்னும் தெளிவாகிறது. நாட்டிய ஆசிரியர் எர்னஸ்ட் பெல்ச்சரின் மகள் மார்ஜரி, பதின்ம வயதுப் பெண், நாளொன்றுக்கு 10 டாலர் கூலிக்குக் காமிராவின் முன்னே நடந்தாள், சுழன்றாள், பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்தப் பிம்பத்தைப் பார்த்து ஆண்கள் பென்சிலால் எழுதினார்கள். அவர்கள் எழுதியதைப் பெண்கள் மையால் பிரதி செய்தார்கள். குரல் கொடுத்தவள் அட்ரியானா காசெலோட்டி. அவள் பெயரும் மார்ஜரியின் பெயரும் படத்தின் பெயர்ப் பட்டியலில் இல்லை. பெண்ணின் அசைவு, பெண்ணின் குரல், பெண்ணின் கைக்கோடு. நடுவில் அவள் எதைச் செய்யவேண்டும், எதை விரும்பவேண்டும் என்று தீர்மானிப்பது மட்டும் பெரும்பாலும் ஆண்களின் அறையில் நடந்தது. பெரும்பாலும் என்கிறேன், முற்றும் என்று சொல்லிவிட்டால் நியாயமாகாது. படத்தின் கதையமைப்பாளர்களாக அறிவிக்கப்பட்ட எட்டுப் பெயர்களில் டோரதி ஆன் பிளாங்க் என்ற பெண்ணின் பெயர் ஒன்று உண்டு. தகட்டைக் கண்டுபிடித்த ஏர்ல் ஹர்டும் அந்த எண்மரில் ஒருவர். ஹேசல் சூவெலுக்கும் கலை இயக்குநர் வரிசையில் இடம் கிடைத்தது. எட்டில் ஒன்று என்ற அந்த விகிதத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் அது வேறு உருவத்தில் திரும்பி வரும்.

வேறு வழியே இல்லாத காலம் அது என்று சிலர் சமாதானம் கூறுவதுண்டு. வழி இருந்தது. 'ஸ்நோ ஒயிட்'டுக்குப் பதினோரு வருஷம் முன்னதாகவே, ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற இளம்பெண், ஒரு வங்கி முதலாளியின் ஆதரவில், போட்ஸ்டாமில் மோட்டார்க் கொட்டகையின் மேல்தளத்தில் அமைந்த சிறிய பட்டறையில், கறுப்புக் காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி நிழலுருவங்கள் செய்து, மூன்றாண்டு உழைப்பில் 'இளவரசன் அஹமது' கதையை முழுநீளப் படமாக முடித்திருந்தாள். 1926-ல் வெளிவந்த அந்தப் படமே இன்று நமக்கு எஞ்சியிருக்கும் முழுநீளச் சித்திரப் படங்களுள் மிகப் பழையது. அதிலும் இளவரசன் வருகிறான், இளவரசியை மீட்கிறான். அது ஆயிரத்தோர் இரவுகளின் மரபு. ஆயினும் அந்தப் படத்தில் எரிமலைச் சூனியக்காரி ஒருத்தி வருகிறாள்: வயதானவள், அவலட்சணமானவள், மகாசக்தி வாய்ந்தவள். அவள் நல்லவர்களின் பக்கம் நின்று, உருமாறி உருமாறிப் போரிட்டு, கொடிய மந்திரவாதியை வென்று வீழ்த்துகிறாள். இளவரசனால் ஆகாத காரியம் அந்தக் கிழவியால் ஆகிறது. கத்தரிக்கோல் ஒரு பெண்ணின் கையில் இருந்ததனால்தான் அப்படி அமைந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அதற்குப்பின் ஹாலிவுட்டிலிருந்து வந்த படங்களில் வயதும் ஆற்றலும் ஒருங்கே படைத்த பெண்கள் பெரும்பாலும் என்ன ஆனார்கள் என்பதைப் பார்க்கும்போது, அந்தக் கிழவியை நினைத்து ஏங்காமல் இருக்க முடியவில்லை. ஸ்நோ ஒயிட்டின் அரசி, சிண்ட்ரெல்லாவின் சிற்றன்னை, 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில் வரும் மலெபிசென்ட், பின்னாளில் 'தி லிட்டில் மெர்மெயிட்'டில் கடலடியில் வாழும் உர்சுலா: இளமை நீங்கிய பெண்ணிடம் அதிகாரம் இருந்தால் அது தீமைக்கே என்று, சொல்லாமலே சொல்லிக்கொடுத்த வரிசை அது.

டிஸ்னியின் ஸ்டூடியோவில் பென்சிலைப் பற்றிய பெண்கள் சிலர் உண்டு. 1935-ல் கதைப் பிரிவில் முதல் பெண்ணாகச் சேர்ந்த பியாங்கா மஜோலி, தும்பிக்கையைப் பார்த்துப் பிறர் நகைப்பதால் மனம் நோகும் யானைக்குட்டி ஒன்றைச் சிருஷ்டித்தாள். அவ்வாறு நகைக்கப்படும் அனுபவம் கதைக் கூட்டங்களில் அவளுக்கே நிரம்ப வாய்த்திருந்தது. ஆண்கள் கூச்சலிட்டு விமர்சிக்கும் அந்த அறைக்குள் போவதற்கே அவள் நடுங்கியதாகத் தெரிகிறது. 1940-ல் அவள் வேலை போயிற்று. ரெட்டா ஸ்காட்டின் கதை மனத்துக்குச் சற்று ஆறுதலானது. பெண் எழுதினால் பூவும் குருவியும் முயலுந்தான் எழுதுவாள் என்று எண்ணியிருந்த இடத்தில், அவள் 'பாம்பி' படத்துக்காகப் பல்லைக் காட்டிச் சீறிப் பாய்ந்து மான்பிணையைத் துரத்தும் வேட்டை நாய்களை எழுதினாள். 1942-ல் அந்தப் படம் வந்தபோது, டிஸ்னி படத்தில் அனிமேட்டராகப் பெயர் பெற்ற முதல் பெண் அவளே ஆனாள். 1940-ல் சேர்ந்த மேரி பிளேரின் வர்ணக் கற்பனைதான் 'சிண்ட்ரெல்லா' முதலிய படங்களின் நிறத்தையும் சாயலையும் வகுத்தது. நியூயார்க்கிலும் பிளைஷர் ஸ்டூடியோவில் லிலியன் பிரீட்மன் என்ற பெண் 1930-களிலேயே அனிமேட்டராக இருந்து பெட்டி பூப் என்னும் சித்திரப் பாத்திரத்தை ஆட்டுவித்தாள். அதே வேலை செய்த ஆண்களுக்குக் கிடைத்த கூலி அவளுக்குக் கிடைக்கவில்லை.

மற்றவர்கள் மைப்புட்டியோடு நின்றார்கள். ஸ்டூடியோ பர்பாங்குக்குக் குடிபெயர்ந்தபோது அவர்களுக்குத் தனிக் கட்டடம் எழுந்தது. ஆண்கள் அதைக் கன்னியர் மடம் என்று பரிகாசமாக அழைத்தார்கள். அனிமேட்டர்களின் கட்டடத்து மேல்மாடியிலோ உடற்பயிற்சிக் கூடமும் முடிதிருத்தும் இடமும் கூடிய மனமகிழ் மன்றம் ஒன்று ஆண்களுக்கென்றே இருந்தது. கோடிழுக்கும் பெண்ணுக்கு வாரத்துக்கு 18 டாலர் அளவில் கிடைத்துவந்த காலத்தில், 'ஸ்நோ ஒயிட்'டின் தீய அரசியை எழுதிய ஆர்ட் பாபிட் 200 டாலருக்கு மேல் பெற்றார். அந்த வித்தியாசத்தைப் பொறாத பாபிட்டே தொழிற்சங்கத்தின் பக்கம் சேர்ந்தார் என்பது அவருக்கு என்றும் பெருமை. அவரை வேலையிலிருந்து நீக்கியதை அடுத்து 1941 மே 29-ல் வேலைநிறுத்தம் மூண்டபோது, மையும் வர்ணமும் தீட்டிய பெண்கள் பலர் வாயிற்புறத்தில் அட்டை ஏந்தி நின்றார்கள். அதே வருஷம் பிப்ரவரியில் வால்ட் டிஸ்னி தம் ஊழியர்களைக் கூட்டிப் பேசிய பேச்சில், பெண்களுக்கும் சித்திரப் பயிற்சி அளிக்கத் தொடங்கியிருப்பதை அறிவித்து, பெண்ணொருத்தி ஆணுக்கு நிகராகச் செய்யவல்லவளாயின் அவளுக்கும் அதே மதிப்பு உண்டு என்று கூறினார் என்பதையும் இங்கே பதிவு செய்தல் வேண்டும். யுத்தம் நெருங்கிவந்தது, இளைஞர்களைப் பட்டாளம் அழைத்துக்கொள்ளும் என்பதும் அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. மூன்றாண்டுகளுக்குமுன் உலக நியதியாகத் தோன்றியது, ஆள் குறையும் என்று கண்டவுடனே தளரக்கூடியதாக இருந்தது.

அந்தத் தொழில் அஸ்தமித்த விதமும் சொல்லத்தக்கது. 1961-ல் வந்த '101 டால்மேஷியன்ஸ்' படத்தில், பென்சில் கோட்டை இயந்திரமே நேராகத் தகட்டில் பதித்துவிட்டது. கையால் மைக்கோடு இழுத்த பெண்களில் பலருக்கு வேலை இல்லாமற் போயிற்று. வர்ணமிடுவோர் இன்னும் முப்பது வருஷம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கையால் வர்ணம் தீட்டிய தகடுகளைக் கொண்டு டிஸ்னி ஸ்தாபனம் எடுத்த கடைசி முழுநீளப் படம், 1989-ல் வெளியான 'தி லிட்டில் மெர்மெயிட்'. ஓர் இளைஞனைக் கண்டு மயங்கிய பெண், கால்களைப் பெறுவதற்காகத் தன் குரலைக் கொடுத்துவிடுகிற கதை அது.

அந்தப் படத்திலிருந்துதான் புதிய இளவரசிகளின் காலம் தொடங்கியது என்றும், அவர்கள் பழையவர்களைப்போல் படுத்துறங்காமல் துணிந்து வெளியே போகிறவர்கள் என்றும் எல்லோரும் கொண்டாடினார்கள். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். கார்மென் போட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரு மொழியியலாளர்கள் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து 2016-ல் வெளியிட்ட கணக்கு அந்த நம்பிக்கையைக் குலைத்தது. 'ஸ்நோ ஒயிட்'டில் பேச்சு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறத்தாழச் சரிபாதி. 'சிண்ட்ரெல்லா'வில் நூற்றுக்கு 60 பங்கு பெண்களுடையது. 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில் 71 பங்கு. புதிய காலத்தை எடுத்துக்கொண்டால், 'லிட்டில் மெர்மெயிட்'டில் 68 பங்கு ஆண்கள் பேசுகிறார்கள்; 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்'டில் 71; 'அலாதீ'னில் 90. போர்க்களம் சென்று சீன தேசத்தையே காக்கிற முலானின் படத்திலும் 77 பங்கு ஆண்களின் பேச்சே. அவளுடன் வரும் சிறு டிராகன் அவளைவிட அதிகம் பேசுகிறது. நாயகி ஒருத்தி துணிச்சல்காரியாக ஆனாள். அவளைச் சுற்றியிருந்த கடைக்காரர், காவலாளி, தோழன், பேசும் மெழுகுவர்த்தி, நண்டு, பறவை அனைவரும் யோசனையின்றி ஆண்களாக எழுதப்பட்டுவிட்டார்கள். பொதுவாக மனிதன் என்றால் ஆண், பெண் என்றால் விசேஷக் காரணம் வேண்டும் என்ற வழக்கம், எட்டுப் பேர் இருந்த அறையில் ஒருத்தி இருந்ததன் நிழல்தான்.

தெருவில் நிற்கும் கூட்டத்தையும் பார்க்கவேண்டும். 1990 முதல் 2005 வரை வந்த, எல்லா வயதுக் குழந்தைகளும் பார்க்கத் தகுந்தவை என்று முத்திரை பெற்ற 101 படங்களை ஆராய்ந்தபோது, பேசும் பாத்திரங்களில் நூற்றுக்கு 28-தான் பெண்கள்; கூட்டக் காட்சிகளில் 17-தான் பெண்கள். தம் சிறு மகளோடு குழந்தைகள் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நடிகை ஜீனா டேவிஸ், இந்த இன்மையைக் கண்டு திடுக்கிட்டு ஓர் ஆராய்ச்சி நிறுவனமே தொடங்கியதன் பயனாகக் கிடைத்த கணக்கு இது. சந்தையும் துறைமுகமும் வீதியும் பாதிப் பேரை இழந்து நிற்கும் உலகத்தைப் பார்க்கிற குழந்தைக்கு அது குறையாகப் படுவதில்லை. உலகம் அப்படித்தான் என்று படுகிறது.

குழந்தைகள் உண்மையில் என்ன கற்கிறார்கள் என்பதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா காய்ன் 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 198 சிறு பிள்ளைகளைப் பார்த்து, ஓராண்டு கழித்து மறுபடியும் பார்த்தபோது, இளவரசிப் படங்களிலும் பொம்மைகளிலும் அதிகம் தோய்ந்த குழந்தைகள் பெண்ணுக்குரியவை என்று வழங்கும் நடத்தைகளில் மேலும் ஊன்றியிருந்தார்கள். இதை மட்டும் சொல்லி நிறுத்துபவர்கள் பலர். அதே ஆராய்ச்சியாளர் ஐந்து வருஷங்களுக்குப்பின் தொடர்ந்து பார்த்ததில், சிறு வயதில் அவற்றில் தோய்ந்த பிள்ளைகள் பத்து வயதுக்கு மேல், ஆண்-பெண் சமத்துவம் பற்றி மற்றவர்களைக் காட்டிலும் தாராளமான எண்ணம் உடையவர்களாகவும், தம் உடலைப் பற்றி நல்லெண்ணம் உடையவர்களாகவும் இருந்தார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. குழந்தையின் மனம் அச்சுத் தகடு அன்று. அது ஒரு நாயகியின் துடைப்பத்தை எடுத்துக்கொள்ளும். சில வருஷம் கழித்து, அக்குழந்தையைச் சுற்றியுள்ளோர் அதனிடம் பேசிக் கேட்டுப் பழகுவார்களாயின், அதே நாயகியின் இரக்கத்தையும் உறுதியையும் எடுத்துக்கொண்டு துடைப்பத்தைக் கீழே போட்டுவிடவும் கூடும்.

1991-ல் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' திரைக்கதையை எழுதிய லிண்டா வுல்வர்ட்டன், தாம் எழுதிய நாயகி பெல், தேசப்படத்தை விரித்து, தான் போக விரும்பும் இடங்களில் ஊசி குத்திக்கொண்டிருக்கும் காட்சி ஒன்றை அனுப்பினாராம். சித்திரக்காரர்களிடமிருந்து அது திரும்பிவந்தபோது பெல் அடுக்களையில் நின்று கேக்குக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். ஐம்பத்து நாலு வருஷத்துக்குமுன் குள்ளர்களின் துப்புரவான குடிலில் ஒட்டடையைக் கொண்டுவந்து வைத்த அதே கைதான் இந்தக் கேக்கையும் கொண்டுவந்து வைத்தது. இந்தத் தடவை மறுத்துச் சொல்ல ஒருத்தி இருந்தாள். வாதாடியபின் பெல் கையில் புத்தகம் வந்தது. அதை வாசித்துக்கொண்டே அவள் தெருவில் நடந்தாள். அந்தப் புத்தகத்தைத்தான் உலகத்துச் சிறுமிகள் நினைவில் வைத்திருக்கிறார்கள். பிக்ஸார் ஸ்தாபனம் பெண் ஒருத்தியைக் கதையின் தலைமைப் பாத்திரமாக்குவதற்கு 2012 வரை, பன்னிரண்டு படங்கள் முடிந்து பதின்மூன்றாவது வரும்வரை காத்திருந்தது. அந்த 'பிரேவ்' படத்தைக் கருக்கொண்ட பிரெண்டா சாப்மன், பாதியில் இயக்கத்திலிருந்து விலக்கப்பட்டு, ஆஸ்கார் பரிசை மட்டும் பங்கிட்டுக்கொண்டார். டிஸ்னியின் முழுநீளச் சித்திரப் படத்தை இயக்கியவர்களில் ஒரு பெண்ணின் பெயர் முதன்முதலாக வந்தது 2013-ல், 'ப்ரோசன்' படத்தில், ஜென்னிபர் லீயினுடையது. ஸ்டூடியோ தொடங்கி அப்பொழுது தொண்ணூறு வருஷம்.

அந்தத் தகடுகள் என்னவாயின? ஆரம்ப காலத்தில் படமெடுத்து முடிந்தவுடன் கழுவி, மையும் வர்ணமும் போக்கி, மறுபடியும் உபயோகித்தார்கள். எத்தனையோ ஆயிரம் கோடுகள் அவ்வாறு தண்ணீரோடு போயின. 'ஸ்நோ ஒயிட்' புகழ் பெற்றபின், எஞ்சியவற்றுள் நல்லவற்றைத் தேர்ந்து, 1938 முதல் ஸான் பிரான்ஸிஸ்கோவின் கூர்வாசியே காட்சியகம் மூலம் விற்றார்கள்; பின்னணி சேர்த்து, சட்டமிடுவதற்கு ஒழுங்கு செய்துகொடுத்தவர்களும் ஸ்டூடியோவின் பெண்களே. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம்கூட, மரக்கிளையில் அமர்ந்து அரசியை நோக்கும் இரண்டு கழுகுகளின் தகடொன்றைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. 2017-ல் மிண்டி ஜான்சன் என்ற எழுத்தாளர் அந்தப் பிரிவில் வேலை செய்த பெண்களின் பெயர்களைத் தேடித் தொகுத்துப் பெரிய நூலாக வெளியிட்டார். சட்டமிட்ட அத்தகடுகளில் காணும் பெயர் வால்ட் டிஸ்னியினுடையது. சட்டத்தைக் கழற்றித் தகட்டை மெல்லத் திருப்பினால், முன்பக்கத்தில் வழுவழுவென்று மின்னும் கன்னமும் பாவாடையும் இப்பக்கத்தில் தடித்துத் திட்டுத்திட்டாக உலர்ந்திருப்பதையும், மைக்கோட்டின் உள்விளிம்பில் தூரிகை ஒரு மயிரிழை தாண்டாமல் நின்று திரும்பிய தடத்தையும் காணலாம்.